நன்கொடை என்றார்கள், இப்போது உதவி என்கிறார்கள்



இம்முறை வலிமிகும் இடம், மிகா இடம் பற்றிய விளக்கம் இல்லை. தேர்வுத்தாள் அலசலும் இல்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுத விரும்புகிறேன். ‘உதவி’ என்பது அச்சொல். நம் நாட்டிலிருந்து திருடப்பட்ட பணம் வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் நாளேடுகள் இந்தச் சொல்லைத்தான் எடுத்தாள்கின்றன. அமெரிக்கா உதவியது, சுவிட்சர்லாந்து உதவியது, சிங்கப்பூர் உதவியது, அனைத்துலக உதவியோடு ஊழலை வேரறுப்போம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். இச்சொல் இங்கே பொருந்தாது என்பதே என் வழக்கு. பொருந்தாதது மட்டுமன்று, தீங்கும் செய்கிறது.

என்ன தீங்கு என்று கேட்கலாம். ஆண்டு 6 மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பயிற்சிக்காக ஒரு நாளேட்டுச் செய்தியை வெட்டிக் கொடுத்திருந்தேன். 1எம்டிபி பணத்தில் ஒரு பகுதியை அமெரிக்கா திருப்பித் தந்ததைப் பற்றிய செய்தி. சுருக்கி எழுதச் சொன்னதற்கு ஒரு மாணவி எழுதினாள்: ‘ஏழை நாடான மலேசியாவுக்கு அமெரிக்கா பண உதவி செய்தது.’ ஏழை நாடு என்று அச்செய்தியில் எங்கும் இல்லை. உதவி பெறுபவர் ஏழையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அந்தச் சொல்லுக்கு அவள் அறிந்த பொருளின்படி அவள் முடிவு சரியானதே. நன்றி மறவாமையை வாரந்தோறும் நன்னெறி என்று போதிக்கிறோம். உதவி என்ற சொல் காதில் விழுந்தவுடன் நன்றி சொல்லவே பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். வீட்டில் திருடு போன நகையை அடகுக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால், திருட்டு நகை என்று தெரிந்தும் தெரியாததுபோல் அடகு பிடித்து வட்டியும் வாங்கிய கடைக்காரர் அவர், அதற்கு உதவி என்றா பெயர்?

நான் அரசு ஊழியன். கட்சி அரசியல் பேசுவது என் வேலை அன்று. நீதிமன்றங்களும் அரசாங்க அமைப்புகளும் வெளிப்படையாகச் சொன்னவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2009-இல் நம் நிதி அமைச்சின் உடைமையாக 1எம்டிபி என்ற முதலீட்டு நிறுவனம் உருவானது. 2009 முதல் 2015 வரை அதிலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கையாடப்பட்டது என்பது அமெரிக்க நீதித்துறையின் கணக்கு. அவ்வளவு பணமும் பெட்டியில் அடைத்துக் கடத்தப்படவில்லை. வங்கி வழியாக, கையொப்பத்தோடு, முத்திரையோடு போனது. எந்தெந்த வழியாகப் போனது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நன்றி யாருக்கு உரியது என்ற கேள்விக்கு விடை அந்த வழியில்தான் இருக்கிறது.

2009 செப்டம்பரில் ஒரு கூட்டு முதலீடு என்று சொல்லி அனுப்பப்பட்ட 100 கோடி டாலரில் 70 கோடி, ‘குட் ஸ்டார்’ என்ற நிறுவனத்தின் கணக்குக்குத் திரும்பியது. அந்நிறுவனம் சீஷெல்ஸ் தீவில் பதிவானது; கணக்கோ சூரிக் நகரத்தில், ‘கூட்ஸ்’ என்ற பழம்பெரும் வங்கியில். பின்னாளில் அமெரிக்க நீதித்துறை, அது லோ டேக் ஜோவுக்கு உரிய நிறுவனம் என்று சொன்னது. கூட்டு முதலீட்டுக்கும் அந்நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு மறுமொழி வரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கும் கடமை அந்த வங்கிக்கு இருந்தது. பணம் உள்ளே போய்விட்டது.

2012-இல் நடந்தது இன்னும் சுவையானது. அபுதாபியில் ‘ஆபார் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பிஜேஎஸ்’ என்று அரசு சார்ந்த உண்மையான நிறுவனம் ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் வேறொரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் ‘ஆபார் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பிஜேஎஸ் லிமிடெட்’. வேறுபாடு ‘லிமிடெட்’ என்ற ஒரே சொல்! அவ்வாண்டு இருமுறை கடன் பத்திரம் வெளியிட்டு 350 கோடி டாலர் திரட்டினார்கள். அதில் ஏறத்தாழ 137 கோடி டாலர் அந்த ஒரு சொல் கூடிய நிறுவனத்தின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கு இருந்தது சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரிலுள்ள பிஎஸ்ஐ வங்கியில். ‘பள்ளி’க்கும் ‘பல்லி’க்கும் வேறுபாடு தெரியாவிட்டால் ஆண்டு 2 பிள்ளைக்கு நாம் சிவப்பு மையால் வட்டம் போடுகிறோம். கோடி கோடியாய்ச் சம்பளம் வாங்கும் வங்கியாளர்களுக்கு ‘லிமிடெட்’ கண்ணில் படவில்லையாம்.

இந்தக் கடன் பத்திரங்களைத் திரட்டிக் கொடுத்தது கோல்ட்மேன் சாக்ஸ். 2012, 2013 ஆண்டுகளில் மூன்று முறை, மொத்தம் 650 கோடி டாலர். அதற்கு அவ்வங்கி பெற்ற கட்டணமும் வருவாயும் சுமார் 60 கோடி டாலர். நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல்! ஒரு நாட்டு அரசாங்கத்தின் துணை நிற்கும் நிறுவனத்துக்குக் கடன் திரட்ட எவரும் இவ்வளவு கூலி கேட்பதில்லை, எவரும் கொடுப்பதுமில்லை. இத்தனை கூலி ஏன் கிடைக்கிறது என்று கேட்கத் தோன்றாதவர்கள் அல்லர் அவர்கள். பின்னர் 2020 அக்டோபரில் அவ்வங்கியின் மலேசியக் கிளை அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

ஆக, திருடியவர்கள் நம்மவர்கள். திருட்டைச் சுமந்தவர்கள், காத்தவர்கள், கழுவிக் கொடுத்தவர்கள் வெளியார்கள். கழுவியதற்குக் கூலியும் வாங்கினார்கள். இந்த இரண்டாம் பாதியை மறந்துவிட்டுத்தான் ‘உதவி’ என்கிறோம்.

இதற்கு முன்னும் ஒரு சொல் இப்படித்தான் நம்மிடம் தரப்பட்டது. 2015 ஜூலையில், அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்கில் 260 கோடி ரிங்கிட் வந்தது என்ற செய்தி வெடித்தது. அது ‘நன்கொடை’ என்றார்கள். சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை! 2016 ஜனவரி 26-ஆம் நாள் அன்றைய சட்டத்துறைத் தலைவர் அதை அப்படியே உறுதிசெய்து, குற்றம் எதுவும் இல்லை என்று கோப்பை மூடினார். அதே ஆண்டு ஜூலை 20-இல் அமெரிக்க நீதித்துறை தன் வழக்கு மனுவில், அந்தப் பணம் 2013-இல் 1எம்டிபி பெயரில் வாங்கிய கடன் பத்திரத்திலிருந்து வந்தது என்று வரி வரியாக எழுதியது. மனுவில் பெயரில்லை, ‘மலேசிய அதிகாரி 1’ என்று மட்டுமே இருந்தது. தேநீர்க் கடைகளில் அந்த ‘1’ யார் என்று நாங்கள் விடுகதை போட்டுக்கொண்டிருந்தோம்.

நன்கொடை என்ற சொல் எவ்வளவு தூய்மையானது! கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கணினி அறைக்கும் நாம் இரசீதுப் புத்தகத்தோடு அலைந்து திரட்டுவது நன்கொடை. 2018 மே மாத இறுதியில் நாட்டின் கடனை அடைக்கத் ‘தாபோங் ஹராப்பான்’ நிதி தொடங்கியபோது சாதாரண மக்கள் 20 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தார்கள். அது நன்கொடை. திருடியவன் எடுத்ததற்கும், பறிகொடுத்தவன் கொடுத்ததற்கும் ஒரே பெயர். அந்தப் பெயர்ப் பிழையை நாம் சகித்துக்கொண்டதால்தான் அடுத்த பிழையும் அமைதியாக உள்ளே வந்து அமர்ந்துவிட்டது என்பது என் எண்ணம்.

இனி, தண்டத் தொகைகளின் கதை. இது பலருக்குத் தெரியாது. நாளேடுகளும் விரித்து எழுதவில்லை.

சிங்கப்பூர் நாணய ஆணையம் 2016 மே மாதத்தில் பிஎஸ்ஐ வங்கியின் உரிமத்தைப் பறித்தது. 1 கோடியே 33 இலட்சம் வெள்ளி தண்டமும் விதித்தது. அக்டோபரில் ஃபால்கன் வங்கியும் மூடப்பட்டது. ஈராண்டு ஆய்வை முடித்தபோது எட்டு வங்கிகள் மீது விதித்த தண்டம் மொத்தம் 2 கோடியே 91 இலட்சம் வெள்ளி. வங்கிகளையே இழுத்து மூடிய துணிவைப் பாராட்டுகிறேன். நம் பக்கத்தில் அப்போது அந்தத் துணிவு இல்லை. ஆனால், தண்டம் யார் கருவூலத்துக்குப் போனது? சுவிட்சர்லாந்தின் நிதிச் சந்தை ஆணையம் பிஎஸ்ஐ வங்கியிடமிருந்து 9 கோடியே 50 இலட்சம் பிராங்க் முறைகேடான ஆதாயத்தைப் பறிமுதல் செய்தது. அந்நாட்டுச் சட்டப்படி அது அவர்கள் அரசுக் கருவூலத்துக்கே உரியது. ஹாங்காங் பங்குச் சந்தை ஆணையம் 2020-இல் கோல்ட்மேன் சாக்ஸின் ஆசியப் பிரிவுக்கு விதித்தது 35 கோடி அமெரிக்க டாலர். நம் ஊரில் களவு போனதற்கு ஹாங்காங்கில் 35 கோடி! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தால்கூடப் பிள்ளையாருக்காவது புண்ணியம். இங்கே தேங்காயும் நம்முடையது, உடைத்த சில்லும் அவர்களுக்கே.

நமக்குத் திரும்பியது எவ்வளவு? அமெரிக்க நீதித்துறை 2024-இல் சொன்ன கணக்கின்படி, அவர்கள் மீட்டுத் தந்ததும் மீட்கத் துணைநின்றதும் சுமார் 140 கோடி டாலர். இதை நான் சிறிதாக எண்ணவில்லை. திருடப்பட்ட பொதுப்பணத்தில் இவ்வளவு பெரிய தொகை ஒரு நாட்டுக்குத் திரும்புவது உலகில் அரிது. கோல்ட்மேன் சாக்ஸ் 2020-இல் நம் அரசாங்கத்தோடு செய்த உடன்பாடு 390 கோடி டாலர். அதில் ரொக்கம் 250 கோடி. மீதி 140 கோடி, ‘மற்றவரிடமிருந்து மீட்கப்படும் சொத்து இவ்வளவுக்குக் குறையாது’ என்ற உறுதிமொழி. அந்த உறுதிமொழியைக் கணக்கிடும் முறையிலும் தகராறு எழுந்து, 2023 அக்டோபரில் அவ்வங்கி இலண்டன் நடுவர் மன்றத்துக்குப் போனது. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் சில்லறைக் கணக்கு ஓயவில்லை.

திரும்பி வரும் பணம் வழியில் தேய்ந்தும் வருகிறது. 1எம்டிபி பணத்தில் எடுத்த ஹாலிவுட் படத்தின் தயாரிப்பு நிறுவனம் 2018-இல் 6 கோடி டாலருக்கு இணங்கியது; 2019 மே மாதம் நம்மிடம் வந்தது செலவு போக 5 கோடியே 70 இலட்சம். ‘இக்குவானிமிட்டி’ உல்லாசக் கப்பல் 25 கோடி டாலருக்கு வாங்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. விற்கும்வரை அதற்கு எண்ணெய் ஊற்றியதும் ஆள் வைத்துத் துடைத்ததும் நம் செலவு. 2019-இல் விற்றபோது கிடைத்தது 12 கோடியே 60 இலட்சம். பாதி விலை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். என் சக ஆசிரியர் ஒருவர் நேராகவே கேட்டார்: “ஐயா, அவர்கள் வழக்குப் போடாமல் இருந்திருந்தால் நமக்கு ஒரு சென்னாவது கிடைத்திருக்குமா?” நியாயமான கேள்வி. கிடைத்திருக்காது. அதற்குக் காரணம் நாம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015 ஜூலையில் ‘தி எட்ஜ்’ நாளேட்டுக்கும் வார ஏட்டுக்கும் மூன்று மாதத் தடை வந்தது; ‘சரவாக் ரிப்போர்ட்’ இணையத்தளம் முடக்கப்பட்டது; அம்மாதமே அன்றைய சட்டத்துறைத் தலைவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார், துணைப் பிரதமரும் நீக்கப்பட்டார். நான் மேலே சொன்ன ‘நன்கொடை’ அறிவிப்புக்கு மூன்றே நாள் கழித்து, 2016 ஜனவரி 29-இல், சுவிட்சர்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர் 400 கோடி டாலர் கையாடப்பட்டிருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லி, விசாரணைக்கு ஒத்துழைக்கும்படி நம்மிடம் கேட்டார். ஆம், அவர் நம்மிடம் கேட்டார். நாம் மறுத்தோம். களவு கொடுத்த வீட்டுக்காரர், களவைக் கண்டுபிடிக்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய விந்தை அது. 2018 மே 9 தேர்தலில் மக்கள் ஆட்சியை மாற்றிய பிறகே கதவு திறந்தது.

ஆகவே நன்றி சொல்லவே கூடாது என்பது என் வாதம் அன்று. மனிதர்களுக்குச் சொல்வோம். ஆவணங்களை வெளிக்கொணர்ந்து, அதனால் தாய்லாந்துச் சிறையில் ஒன்றரை ஆண்டு கிடந்த சேவியர் ஜுஸ்தோவுக்குச் சொல்வோம். தடைக்கும் மிரட்டலுக்கும் நடுவே எழுதிய கிளேர் ருகாசல் பிரவுனுக்குச் சொல்வோம். ஆயிரம் கணக்குகளைத் தொடர்ந்துபோன பெயர் தெரியாத அதிகாரிகளுக்கும், வரிசையில் நின்று வாக்களித்த நம் மக்களுக்கும் சொல்வோம். நாடுகளுக்கும் வங்கிகளுக்கும் சொல்ல வேண்டியது வேறு. ‘பெற்றுக்கொண்டோம், மீதி எங்கே?’ என்பதே அது.

ஏனெனில் இது அவர்கள் ஏற்றுக் கையொப்பமிட்ட கடமை. ஊழலுக்கு எதிரான ஐக்கிய நாட்டு உடன்படிக்கை 2003-இல் நிறைவேறி 2005-இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியா 2008-இல் அதை உறுதிசெய்தது. அதன் 51-ஆம் விதி, சொத்துகளைத் திருப்பி ஒப்படைப்பது இவ்வுடன்படிக்கையின் அடிப்படைக் கோட்பாடு என்கிறது. கருணை என்றோ நல்லெண்ணம் என்றோ அங்கே எழுதப்படவில்லை.

கடமைக்கும் உதவிக்கும் உள்ள வேறுபாடு இலக்கண நுணுக்கம் என்று நினைப்பவர்கள் 2025 பிப்ரவரியை நினைத்துப் பார்க்கட்டும். நம் 1எம்டிபி வழக்குகளை நடத்தியது, அமெரிக்க நீதித்துறை 2010-இல் தொடங்கிய ஒரு சிறப்பு முயற்சி. பிற நாட்டு ஆட்சியாளர்கள் கொள்ளையடித்து அமெரிக்காவில் ஒளித்த சொத்தை மீட்பதற்கென்றே அமைந்தது. 2025 பிப்ரவரி 5-ஆம் நாள் அந்நாட்டின் புதிய தலைமை அரசு வழக்கறிஞர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்; அந்த முயற்சி கலைக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, வெளிநாட்டு அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் சட்டத்தின் நடவடிக்கைகளை 180 நாள் நிறுத்திவைக்க அதிபர் ஆணையிட்டார். கோல்ட்மேன் சாக்ஸ் மாட்டிக்கொண்ட அதே சட்டம். ஜூனில் புதிய நெறிமுறைகளோடு மீண்டும் தொடங்கினார்கள் என்பது உண்மை. கலைக்கப்பட்ட குழுவோ கலைக்கப்பட்டதுதான்.

நம் பணம் பெரும்பாலும் வந்துவிட்டது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் நாடுகள் எத்தனை! உதவி என்றால் கொடுப்பவர் விருப்பம். இன்று கொடுப்பார், நாளை ஒரு சுற்றறிக்கையில் நிறுத்துவார். ‘ஏன் நிறுத்தினீர்’ என்று கேட்க எவருக்கும் வாய் இல்லை. கடமை என்று சொல்லிப் பழகிய நாடுகள்தாம் கேட்க முடியும். நம் அரசாங்கம் அந்தச் சுற்றறிக்கையைக் கண்டித்து ஓங்கிக் குரல் கொடுத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. 140 கோடி டாலர் பெற்றுக்கொண்டவர்கள் நாம். நம்மை விட்டால் அதைக் கேட்கத் தகுதியுள்ளவர் யார்?

பிலிப்பைன்ஸ் மக்கள் காத்திருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். மார்கோஸின் சுவிஸ் கணக்குகள் 1986-இல் முடக்கப்பட்டன. சுமார் 68 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது 2004-இல். பதினெட்டு ஆண்டுகள்! 1986-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை அதற்குள் படித்து முடித்து, வேலைக்குப் போய், தானும் பிள்ளை பெற்றிருக்கும். நைஜீரியாவின் அபாச்சா 1998-இல் இறந்தார்; அவர் கொள்ளையடித்த பணம் இருபதாண்டுகளுக்குப் பின்னும் தவணை தவணையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜெர்சி தீவிலிருந்து 30 கோடியே 80 இலட்சம் டாலர் கிளம்பியது 2020-இல். உலக வங்கியும் ஐக்கிய நாடுகளும் 2007-இல் தொடங்கிய சொத்து மீட்புத் திட்டத்தார் சொல்லும் மதிப்பீடு இது: வளரும் நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஊழலால் போவது 2,000 கோடி முதல் 4,000 கோடி டாலர், 2011-க்கு முந்திய பதினைந்து ஆண்டுகளிலும் சேர்த்துத் திரும்பியது 500 கோடி. குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. இதற்குப் பெயர் உதவியாம்.

மீண்டும் திருடிவிடுவீர்கள், ஆகவே நிபந்தனையோடுதான் தருவோம் என்றும் சொல்கிறார்கள். நைஜீரியாவுக்கு 2017 உடன்பாட்டின்படி சுவிட்சர்லாந்து தந்த 32 கோடி டாலர் உலக வங்கியின் கண்காணிப்பில் ஏழைக் குடும்பங்களுக்குப் பகிரப்பட்டது. கசக்ஸ்தானில் மீட்ட பணத்தை அரசாங்கத்திடம் கொடுக்காமல் ‘போட்டா’ என்ற அறக்கட்டளை அமைத்து, 2014 வரை ஏழைப் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் செலவிட்டார்கள். சுமார் 11 கோடியே 50 இலட்சம் டாலர். பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்த பணம் என்பதால் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால், ஒளித்து வைத்திருந்தவர் நிபந்தனை போடுவதில் உள்ள துணிச்சலை எண்ணினால் சிரிப்பும் வருகிறது. கணக்குக் கேட்கும் உரிமை பணத்துக்கு உரியவருக்கு உண்டு. அந்த உரியவர் சூரிக்கில் இல்லை, இங்கே இருக்கிறார்; நாமே அவர்.

நாம் எந்த வகையில் உரியவர் என்று கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2011, 2012 ஆண்டுகளில் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியான ‘குவாப்’, எஸ்ஆர்சி இன்டர்நேஷனல் என்ற 1எம்டிபி துணை நிறுவனத்துக்கு 400 கோடி ரிங்கிட் கடன் கொடுத்தது. ஆசிரியர்களின் ஓய்வூதியச் சுமையைத் தாங்குவதற்காக வளர்க்கப்படும் நிதி அது. கடனுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று உறுதிமொழி இருந்ததால் நிதி பிழைத்தது. சுமை வரி கட்டுவோர் தலையில் விழுந்தது. அந்த எஸ்ஆர்சி பணத்தில் 4 கோடியே 20 இலட்சம் ரிங்கிட் தொடர்பான வழக்கில்தான் 2020 ஜூலை 28-இல் முன்னாள் பிரதமர் குற்றவாளி என உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்ட் 23-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பன்னிரண்டு ஆண்டுத் தண்டனையை மன்னிப்பு வாரியம் 2024-இல் ஆறாகக் குறைத்தது. 2025 டிசம்பரில் 1எம்டிபி வழக்கிலும் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. இவை நம் நீதிமன்றங்கள் செய்தவை. எவர் உதவியும் இல்லாமல் நம் நீதிபதிகள் எழுதிய தீர்ப்புகள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு இன்னொன்று. ‘உதவி’ என்ற சொல்லின் கசப்பு தமிழ்ப்பள்ளி மக்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. தோட்ட நிலத்தில் நிற்கும் நம் பள்ளிகள் பல இன்றும் ‘பகுதி உதவி பெறும் பள்ளி’. வரி முழுதாகக் கட்டுகிறோம். நம் வரியிலிருந்து ஒரு பங்கு நம் பிள்ளைகளுக்கு வரும்போது அதற்கு உதவி என்று பெயர் வைத்து, மாலை போட்டு, மாதிரிக் காசோலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். நாமும் வரிசையில் நின்று கைதட்டுகிறோம். நம் பணத்தை நமக்குத் தருவதற்கு நாமே நன்றி சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் வாஷிங்டனுக்கும் பெர்னுக்கும் நன்றி சொல்லும்போதும் நம் நாவில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சொல். ‘பரஸ்பர சட்ட உதவி’ என்று நம் நாளேடுகள் எழுதுகின்றன. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே உதவியைச் சொல்கிறது என்பதால் அவர்களைக் குறைகூறவில்லை. தமிழில் ‘ஒத்துழைப்பு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. இருவரும் உழைக்க வேண்டும் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. பணம் வரும் செய்திக்கு ‘ஒப்படைத்தது’ என்று எழுதலாம். எழுத்தெண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றுதான். தலைப்பில் இடம் போதும்.

மீட்டுவந்த பணம் தனியாக ஒரு நம்பிக்கைக் கணக்கில் இடப்பட்டு, 1எம்டிபி கடனை அடைக்கச் செலவாகிறது. 2013-இல் வாங்கிய 300 கோடி டாலர் கடனின் முதல் 2023 மார்ச்சில் கட்டி முடிக்கப்பட்டது. நல்லது. ஆனால், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு கழிந்தது, எந்தக் கடனுக்குப் போனது, மீதி எவ்வளவு என்பதை ஒரே தாளில், பாமரரும் படிக்கும்படி ஆண்டுதோறும் அச்சிட்டுத் தர வேண்டும். அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் கேள்விக்கு விடையாகச் சொல்லும் துண்டு துண்டான எண்கள் போதா. எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சென்ற பொதுக்கூட்டத்தில், விளையாட்டுப் போட்டி நாளன்று பனிக்கட்டி வாங்கிய 15 ரிங்கிட்டுக்கு இரசீது எங்கே என்று ஓர் அம்மா எழுந்து பொருளாளரைக் கேட்டார். பொருளாளர் வியர்த்து வழிந்து, கோப்பைப் புரட்டி, இரசீதைக் காட்டிய பிறகே கணக்கறிக்கை ஏற்கப்பட்டது. அந்த அம்மாவைப்போல் நாடாளுமன்றத்தில் நாலு பேர் வேண்டும்.

அந்த ஒரு தாளைக் கேட்டு எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சென்ற வாரம் மலாயில் ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். தங்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர்கள் கேட்டால் அதன் படியைத் தருகிறேன். என் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். பள்ளி முகவரிக்கு வேண்டாம்.